பள்ளி சாப்ளின் யார், எதற்கு? ஆஸ்திரேலியத் தமிழ்ப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆஸ்திரேலியாவில் பிள்ளையைப் பள்ளியில் சேர்த்த சில வாரங்களிலேயே 'சாப்ளின்' என்ற பெயர் காதில் விழுந்துவிடும். "இன்னைக்கு சாப்பியோட செஸ் விளையாடினேன்" என்று பிள்ளை வந்து சொல்லும். பள்ளிச் செய்திமடலில் சாப்ளின் எழுதிய ஒரு பத்தி இருக்கும். நாம் படித்த பள்ளிகள் பலவற்றில் இப்படியொரு ஆளே இருந்ததில்லை. அதனால்தான் குழப்பம்: இவர் பாதிரியாரா, ஆசிரியரா, கவுன்சிலரா? என் பிள்ளைகள் அரசுப் பள்ளியில் படிக்கிறார்கள். பிறந்தநாள் விழாக்களிலும் தமிழ் வகுப்பு வாசலிலும் மற்ற பெற்றோர் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

சாப்ளின் என்றால் சரியாக யார்?

பள்ளியில் பிள்ளைகளோடும் குடும்பங்களோடும் ஆசிரியர்களோடும் இருந்து, மனத்துக்கு ஆதரவு கொடுப்பதற்கென்றே நியமிக்கப்பட்டவர். பாடம் நடத்த மாட்டார், மார்க் போட மாட்டார், தண்டனை கொடுக்க மாட்டார். பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் வாரத்தில் சில நாட்கள்தான் வருவார். பிள்ளைகள் செல்லமாக 'சாப்பி' என்று கூப்பிடுவார்கள், அல்லது பெயர் சொல்லியே அழைப்பார்கள். 'சார்', 'மிஸ்' என்று வளர்ந்த நமக்கு அது முதலில் உறுத்தும். ஆனால் இந்த வேலைக்கு அந்த நெருக்கம் தேவைப்படுகிறது.

பெயருக்குப் பின்னால் ஒரு பழங்கதை உண்டு. 4ஆம் நூற்றாண்டில் மார்ட்டின் என்ற ரோமானியப் படைவீரர், குளிரில் நடுங்கிய ஏழை ஒருவருக்குத் தன் மேலங்கியை வாளால் வெட்டிப் பாதியைக் கொடுத்தார் என்று கிறித்தவ மரபு சொல்கிறது. பின்னாளில் அந்த மேலங்கியைப் பாதுகாத்த குருமாருக்கு லத்தீனில் 'கப்பெல்லானி' என்று பெயர் வந்தது. சாப்ளின் என்ற சொல் அதிலிருந்து பிறந்தது. மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனின் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது. ராணுவம், மருத்துவமனை, சிறைச்சாலை என்று மனிதர்கள் தனிமையில் தவிக்கும் இடங்களிலெல்லாம் சாப்ளின்கள் இருந்து வந்திருக்கிறார்கள். பள்ளிக்கூடமும் சில பிள்ளைகளுக்கு அப்படியொரு இடம்தான்.

அப்படியானால் இவர் பாதிரியாரா?

எந்தப் பள்ளி என்பதைப் பொறுத்தது. ஆங்கிலிக்கன், கத்தோலிக்கம் போன்ற திருச்சபைகள் நடத்தும் தனியார் பள்ளிகளில் சாப்ளின் பெரும்பாலும் குருப்பட்டம் பெற்றவர். வழிபாடு நடத்துவார், சமய வகுப்பும் எடுப்பார். அந்தப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போதே இதையும் சேர்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறோம்.

அரசுப் பள்ளி சாப்ளின் வேறு. இவர் ஏதாவது ஒரு சமய அமைப்பின் அங்கீகாரம் பெற்றவராக இருப்பார், ஆனால் பள்ளிக்குள் அவருடைய வேலை மாணவர் நலன் மட்டுமே. பெரும்பாலோர் இளைஞர் பணியில் பயிற்சி பெற்ற சாதாரண ஆண்களும் பெண்களும்தான். கீழே நான் எழுதுவதெல்லாம் இவர்களைப் பற்றியே.

என் பிள்ளையை மதம் மாற்ற முயல்வாரா?

எல்லாரும் குரலைத் தாழ்த்திக் கேட்கும் கேள்வி இதுதான். கேட்பதில் தவறே இல்லை. கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் போகும் குடும்பங்களுக்கு இந்தக் கவலை வருவது இயல்பு. கிறித்தவத் தமிழ்க் குடும்பங்களும் "எந்தச் சபையைச் சேர்ந்தவர்?" என்று விசாரிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

மத்திய அரசின் நிதியில் நடக்கும் திட்டத்தின் விதி தெளிவாக இருக்கிறது: சாப்ளின் மதப் பிரசாரம் செய்யக்கூடாது. பிள்ளை எந்த மதமானாலும், மதமே இல்லையானாலும், ஒரே மாதிரி மதித்து உதவ வேண்டும். சாப்ளின் வேண்டுமா என்று முடிவு செய்வது பள்ளியின் விருப்பம். அவரிடம் போவதா வேண்டாமா என்பது மாணவரின் விருப்பம்.

இங்கே நம்மவர்கள் பலர் இரண்டு விஷயங்களை ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்கிறார்கள். 'ஸ்கிரிப்சர்' என்று சொல்லப்படும் சமய வகுப்பு வேறு, சாப்ளின் வேறு. நியூ சவுத் வேல்ஸ் அரசுப் பள்ளிகளில் சமய வகுப்பைத் தன்னார்வலர்கள் வந்து எடுக்கிறார்கள். எந்த மத வகுப்பு, அல்லது எதுவும் வேண்டாமா என்று பெற்றோர் தேர்ந்தெடுக்கலாம். சில பள்ளிகளில் இந்து வகுப்பும் உண்டு. குவீன்ஸ்லாந்தில் வாரத்துக்கு அதிகபட்சம் ஒரு மணி நேரம் இந்த வகுப்புக்கு இடம் உண்டு. விக்டோரியாவில் 2016 முதல் பாட நேரத்தில் நடத்த முடியாது. மதிய இடைவேளையிலோ பள்ளிக்கு முன்பின்னோதான். ஆகவே பிள்ளை வீட்டுக்கு வந்து பைபிள் கதை ஒன்றைச் சொன்னால், அதை எங்கே கேட்டது என்று முதலில் விசாரியுங்கள். சாப்ளினாக இல்லாமல், சேர்க்கைப் படிவத்தில் நாமே கவனிக்காமல் விட்ட ஒரு கட்டமாக இருக்கலாம்.

விதி இருந்தும் யாராவது மீறினால்? பிள்ளை சொன்னதைத் தேதியோடு எழுதி வைத்துக்கொண்டு பிரின்சிபாலைப் பாருங்கள். சாப்ளினை வேலைக்கு வைத்திருக்கும் அமைப்பிடமும் மாநிலக் கல்வித் துறையிடமும் புகார் செய்யலாம். "நமக்கு எதற்கு வம்பு" என்று விட்டுவிடாதீர்கள். விதியைக் காப்பாற்றுவது நல்ல சாப்ளின்களுக்கும் நன்மைதான். ஒருவர் எல்லை தாண்டினால் சந்தேகம் எல்லார் மீதும் விழுகிறது.

அவர் தினமும் என்னதான் செய்கிறார்? சும்மா பிள்ளைகளோடு விளையாடுவதாகத்தான் தெரிகிறது.

வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். காலையில் சாப்பிடாமல் வரும் பிள்ளைகளுக்கு ரொட்டியும் பாலும் கொடுக்கும் காலை உணவுக் குழு. பள்ளி வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒரு வணக்கம். இடைவேளையில் செஸ், லெகோ, தோட்ட வேலை, பந்து. கேம்ப் போகும்போது கூடப் போவது. இதில் வேலை எங்கே என்று கேட்கத் தோன்றும்.

விளையாடுகிற அந்த நேரத்தில்தான் வேலை நடக்கிறது. பத்து வயதுப் பிள்ளையை எதிரில் உட்கார வைத்து "உனக்கு என்ன கவலை?" என்று கேட்டால் "ஒன்றுமில்லை" என்றுதான் பதில் வரும். கையில் வேலை இருக்கும்போது, கண்ணைப் பார்க்காமல் பேச முடிகிறபோது, பேச்சு தானாக வரும். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே நம் அம்மாக்கள் நம்மிடமிருந்து விஷயத்தைக் கறந்தது இப்படித்தானே?

எங்கள் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன். ஊரில் என் அம்மா இறந்தபோது நான் மட்டும் போய் வந்தேன். என் மகனுக்கு அப்போது ஒன்பது வயது. பாட்டியின் இறுதிச் சடங்கை அவன் போன் திரையில்தான் பார்த்தான். அழவில்லை. இரண்டு வாரம் சாதாரணமாக இருந்தான். பிறகு காலையில் வயிறு வலிக்கிறது என்று பள்ளிக்குப் போக மறுத்தான். மருத்துவர் பார்த்து, உடம்பில் ஒன்றுமில்லை என்றார். வகுப்பாசிரியருக்கு இருபத்தைந்து பிள்ளைகள். அவர் நல்லவர், ஆனால் நேரம் இல்லை. சாப்ளினிடம் சொல்லி வைத்தார். அவர் எங்கள் சம்மதத்தைக் கேட்டுவிட்டு, மதிய இடைவேளையில் செடி நடும் குழுவில் அவனைச் சேர்த்துக்கொண்டார். மூன்றாவது வாரம், மண்ணைக் கிளறிக்கொண்டே அவன் கேட்டிருக்கிறான்: "போன் சார்ஜ் போய்ப் பாதியில் கட் ஆகிவிட்டது. பாட்டிக்கு நான் பை சொன்னது கேட்டிருக்குமா?"

அந்தக் கேள்வியை அவன் எங்களிடம் கேட்கவே இல்லை. நான் அழுதுவிடுவேன் என்று பயந்திருக்கிறான். சாப்ளின் அவனுக்குச் சொர்க்கம், நரகம் எதுவும் சொல்லவில்லை. "இதை உன் அம்மாவிடம் கேட்கலாமா? வேண்டுமானால் நானும் கூட இருக்கிறேன்" என்றாராம். அன்று மாலை மூவரும் பள்ளித் தோட்டத்தில் உட்கார்ந்து பேசினோம். நான் அழத்தான் செய்தேன், அவனும் அழுதான். வயிற்றுவலி உடனே போய்விடவில்லை, மெதுவாகத்தான் குறைந்தது.

பெரிய இழப்புகள் பள்ளி முழுவதையும் தாக்கும் நேரங்களும் உண்டு: வெள்ளம், காட்டுத்தீ, ஒரு மாணவரின் மரணம், ஆசிரியர் ஒருவரின் மரணம். நிபுணர் குழு வரும், சில நாளில் போய்விடும். ஆறு மாதம் கழித்து ஒரு மழை நாளில் நடுங்கும் பிள்ளையை அடையாளம் காண, அங்கேயே இருக்கும் ஒருவர் வேண்டும். ஆசிரியர்களும் அந்தக் காலத்தில் அவரிடம்தான் போய் உட்காருகிறார்கள்; அவர்களுக்கும் யாரோ ஒருவர் வேண்டும்தானே.

பள்ளியில் கவுன்சிலரோ உளவியலாளரோ இருக்கும்போது இவர் எதற்கு?

இருவரும் ஒருவருக்கொருவர் மாற்று அல்ல. உளவியலாளர் நோயைக் கண்டறியலாம், சிகிச்சை தரலாம், சோதனைகள் நடத்தலாம். சாப்ளின் இவற்றில் எதையும் செய்யக்கூடாது. கவனித்து, காதுகொடுத்துக் கேட்டு, தேவைப்பட்டால் சரியானவரிடம் அனுப்புவது அவர் வேலை.

அப்புறம், உளவியலாளர்கள் போதுமான அளவில் இல்லை. 500 மாணவர்களுக்கு ஒருவராவது வேண்டும் என்று ஆஸ்திரேலிய உளவியல் சங்கம் கேட்டு வருகிறது. பல பள்ளிகள் அதற்கு அருகில்கூட இல்லை. இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. சாப்ளின் இருக்கிறாரே என்று உளவியலாளரின் இடத்தைக் காலியாக விட்டுவிட்டால் அது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம். சாப்பிடாமல் இருப்பது, தன்னைக் காயப்படுத்திக்கொள்வது, வாரக்கணக்கில் தூங்காமல் இருப்பது போன்றவற்றுக்கு அன்பான பேச்சு மட்டும் போதாது. குடும்ப மருத்துவரிடம் போய் மனநலத் திட்டம் ஒன்று எழுதி வாங்குங்கள். அதைக் கொண்டு ஓர் ஆண்டில் 10 அமர்வுகள் வரை மெடிகேர் உதவியோடு உளவியலாளரைப் பார்க்கலாம்.

என்ன படித்திருக்க வேண்டும்?

மத்திய அரசின் திட்டத்தில் குறைந்தபட்சத் தகுதி, இளைஞர் பணியிலோ ஆன்ம ஆதரவுப் பணியிலோ நான்காம் நிலைச் சான்றிதழ், அல்லது அதற்கு இணையான படிப்பு. இணையான படிப்பானால் மனநலம் பற்றியும், மாணவரைச் சரியான இடத்துக்கு அனுப்புவது பற்றியும் உள்ள பாடங்கள் அதில் கட்டாயம் இருக்க வேண்டும். குழந்தைகளோடு பணிபுரிய மாநில அரசு தரும் அனுமதிச் சான்றும் தேவை.

இது பட்டப்படிப்பு அளவு இல்லை என்பது உண்மை. அதனால்தான் எல்லையைப் பற்றி இவ்வளவு எழுதினேன். தன் எல்லை தெரிந்த சாப்ளின் பள்ளிக்குப் பெரும் பலம்.

இதற்குப் பணம் யார் தருகிறார்கள்? ஏதோ வழக்கெல்லாம் நடந்ததாமே?

2006இல் ஜான் ஹோவர்ட் பிரதமராக இருந்தபோது தேசிய அளவிலான திட்டம் அறிவிக்கப்பட்டு, 2007இல் தொடங்கியது. அதன்பின் ஆட்சிக்கு ஆட்சி வடிவம் மாறியது. ஜூலியா கில்லார்ட் ஆட்சியில், சமயச் சார்பற்ற நலப் பணியாளரையும் பள்ளிகள் தேர்ந்தெடுக்கலாம் என்றானது. 2014இல் டோனி அபட் அரசு அந்தத் தேர்வை எடுத்துவிட்டது. 2022இல் வந்த தொழிற்கட்சி அரசு மீண்டும் கதவைத் திறந்தது. 2023 முதல் திட்டத்தின் பெயர் தேசிய மாணவர் நலத் திட்டம். சாப்ளினா, மாணவர் நல அலுவலரா என்பதை இப்போது பள்ளியே முடிவு செய்யலாம்.

வழக்கு நடந்ததும் உண்மைதான். குவீன்ஸ்லாந்தின் டூவூம்பா நகரில், அரசுப் பள்ளியில் பிள்ளைகளைப் படிக்க வைத்த ஒரு தந்தை தொடுத்தது. 'வில்லியம்ஸ் எதிர் காமன்வெல்த்' என்ற அந்த வழக்கில் உயர்நீதிமன்றம் (இந்நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் இதுவே) 2012இலும் மறுபடி 2014இலும் மத்திய அரசுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பலர் நினைப்பதுபோல, மதத்தின் காரணமாக அரசு தோற்கவில்லை. சமயச் சுதந்திரம் பற்றிய அரசியல் சாசனப் பிரிவை மீறியதாக நீதிமன்றம் சொல்லவில்லை. மத்திய அரசு இப்படி நேரடியாகப் பணம் செலவழிக்க அதிகாரம் இல்லை என்பதுதான் தீர்ப்பு. அதன்பின் பணம் மாநில அரசுகள் வழியாக வருகிறது.

ஒரு பள்ளிக்கு ஆண்டுக்கு 20,280 டாலர் வரை, தொலைதூரப் பள்ளிக்கு 24,336 டாலர் வரை என்பது பல ஆண்டுகள் இருந்த அளவு. இது ஒரு முழுநேரச் சம்பளத்துக்குக் கொஞ்சமும் போதாது. அதனால்தான் வாரத்தில் சில நாட்கள் மட்டும் வருகிறார்கள். அதனால்தான் பள்ளி மைதானத்தில் சாசேஜ் சுட்டு விற்று நிதி திரட்டுகிறார்கள்.

பிள்ளை அவரிடம் சொல்வதை எங்களுக்குச் சொல்வாரா? வீட்டு விஷயம் வெளியே போய்விடாதா?

எல்லாவற்றையும் சொல்ல மாட்டார். சொன்னால் அடுத்த முறை பிள்ளை வாயே திறக்காது. ஆனால் அவர் ரகசியம் காப்பதற்கு எல்லை உண்டு. பிள்ளைக்கோ வேறொருவருக்கோ ஆபத்து என்றால், வீட்டிலோ வெளியிலோ துன்புறுத்தல் நடக்கிறது என்ற சந்தேகம் வந்தால், பள்ளியிடம் தெரிவித்தே ஆக வேண்டும். நல்ல சாப்ளின் இதை முதல் நாளே பிள்ளையிடம் சொல்லிவிடுவார்.

இதைக் கேட்டதும் சில பெற்றோருக்குப் பயம் வருகிறது. திட்டினால்கூட எழுதிக் கொடுத்துவிடுவார்களோ என்ற பயம். அப்படியில்லை. கணிதத்தில் ஏன் குறைந்தது என்று நீங்கள் கத்தியதைப் பிள்ளை சொல்லி அழுதால், அவர் பெரும்பாலும் உங்களை அழைத்து நிதானமாகப் பேசுவார். ஆனால் அடிப்பது இங்கே வேறு விஷயம். அதை 'நம் வளர்ப்பு முறை' என்று சொல்லி மறைக்கப் பார்க்காதீர்கள். கோபத்தை அடக்க முடியவில்லை என்றால் அதையே அவரிடம் சொல்லி உதவி கேட்கலாம், பெற்றோருக்கான வகுப்புகளுக்கு வழிகாட்டுவார்.

வீட்டு விஷயம் வெளியே போனால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று நாம் நினைக்கிறோம். சாப்ளின் அந்த நாலு பேரில் ஒருவர் இல்லை. நம் சங்கத்திலும் இல்லை, உறவிலும் இல்லை. சில குடும்பங்களுக்கு அதுவே பெரிய ஆறுதலாக இருந்திருக்கிறது.

இந்துவோ முஸ்லிமோ சாப்ளின் ஆக முடியுமா?

முடியும். எந்த மதமும் தடையில்லை. நடைமுறையில் பெரும்பாலோர் கிறித்தவர்கள், ஏனென்றால் இவர்களை வேலைக்கு எடுத்துப் பயிற்சி தரும் பெரிய அமைப்புகள் கிறித்தவ அமைப்புகள். நம் இளைஞர்கள் இந்தப் பணிக்கு வர வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன். சமய அடையாளம் வேண்டாம் என்றால் மாணவர் நல அலுவலராகவே வரலாம்.

என் பிள்ளை அவரிடம் போக வேண்டாம் என்று சொல்லலாமா?

சொல்லலாம். பிரின்சிபாலுக்கு ஒரு மின்னஞ்சல் போதும். ஆனால் அனுப்பும் முன் சாப்ளினை ஒரு தடவை நேரில் பாருங்கள்.

சரி, உண்மையிலேயே இதில் பயன் இருக்கிறதா? சமயச் சார்பில்லாத ஒருவர் இதையே செய்ய முடியாதா?

செய்ய முடியும். எதிர்ப்பவர்களின் இந்த வாதம் நியாயமானது என்றுதான் நான் நினைக்கிறேன். வரிப்பணத்தில் நடக்கும் வேலைக்கு ஒருவரின் நம்பிக்கை தகுதியாக இருக்கக்கூடாது. 2023இல் வந்த மாற்றத்தை நான் வரவேற்கிறேன்.

ஆனால் அந்த வாதத்தோடு சேர்த்து, வேலையே வேண்டாம் என்பவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை. பள்ளியில் மற்ற எல்லாப் பெரியவர்களுக்கும் பிள்ளையிடமிருந்து ஏதோ ஒன்று தேவைப்படுகிறது: வீட்டுப்பாடம், ஒழுங்கு, வருகை, மதிப்பெண். சாப்ளினுக்கு எதுவும் தேவையில்லை. அவரிடம் இருப்பது நேரம் மட்டும். நாடு விட்டு நாடு வந்து, தாத்தா பாட்டி பக்கத்தில் இல்லாமல், இரண்டு பேரும் வேலைக்குப் போகும் நம் வீடுகளில் முதலில் தொலைந்துபோவது அந்த நேரம்தான். பெயர் சாப்ளினோ நல அலுவலரோ, அப்படியொருவர் வாரத்தில் மூன்று நாளாவது என் பிள்ளையின் பள்ளியில் இருக்க வேண்டும்.

சாப்ளின் வராத நாளில் அவசரம் என்றால்?

உயிருக்கு ஆபத்து என்றால் உடனே 000. பிள்ளைகளும் 25 வயது வரையுள்ள இளைஞர்களும் கிட்ஸ் ஹெல்ப்லைனை 1800 55 1800 என்ற எண்ணில் எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம். பெரியவர்களுக்கு லைஃப்லைன், 13 11 14. இந்த எண்களைப் பிள்ளையின் போனில் பதிந்து வையுங்கள், குளிர்பெட்டிக் கதவிலும் ஒட்டுங்கள்.

எனக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. சாப்ளினிடம் எப்படிப் பேசுவது?

131 450 என்ற எண்ணில் அரசு மொழிபெயர்ப்புச் சேவை இருக்கிறது; தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். பள்ளி அலுவலகத்தில் "தமிழ் இன்டர்பிரெட்டர் வேண்டும்" என்று முன்கூட்டியே சொல்லி நேரம் வாங்குங்கள், ஏற்பாட்டைப் பள்ளியே செய்யும். பிள்ளையை மட்டும் மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தன்னைப் பற்றிய கவலையைத் தானே மொழிபெயர்த்துச் சொல்லும் நிலை எந்தப் பிள்ளைக்கும் வரக்கூடாது.